குறைத்ததும் திரும்ப வைத்ததும்: ஒரு முழு சஸ்பென்ஷன் மலைச் சைக்கிளின் எடைக் குறைப்பு

பின்னணி

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் கொண்ட ஒரு மலைச் சைக்கிளின் எடையைக் குறைக்க ஏறத்தாழ நான்கு மாதங்கள் நடந்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன். சைக்கிளின் உரிமையாளர் நாற்பது வயதை ஒட்டியவர். உடல் எடை 74 கிலோ. பந்தயங்களில் கலந்துகொள்பவர் அல்லர், ஆனால் வாரம் இரண்டு நாள் தவறாமல் காட்டுப்பாதைகளில் ஓட்டுபவர். அவர் வழக்கமாகச் செல்லும் பாதையில் முதலில் 38 நிமிட ஏற்றமும், அதன்பின் கற்களும் வேர்களும் நிறைந்த நீண்ட இறக்கமும் உண்டு. ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் உடன் வருபவர்களைவிடப் பின்தங்கிவிடுவதாகவும், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டிச் சைக்கிளைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்வதாகவும் அவர் சொன்னார். இரண்டு கிலோ குறைத்துத் தர வேண்டும் என்பதே அவர் கேட்டது.

சைக்கிள் அலுமினிய ஃபிரேம் கொண்டது. 29 அங்குலச் சக்கரங்கள், முன் ஃபோர்க்கில் 140 மி.மீ., பின்புறத்தில் 130 மி.மீ. அசைவு, 12 வேகக் கியர். பழுது எதுவும் இல்லை. தயாரிப்பாளர் வெளியிட்ட எடை 14.7 கிலோ என்பதால், தன் சைக்கிளும் அதே எடைதான் என்று அவர் நம்பியிருந்தார்.

எடைபோட்டபோது தெரிந்தவை

கழுவித் துடைத்து, சீட்டின் அடியில் தொங்கிய கருவிப் பையைக் கழற்றிவிட்டுத் தொங்கு தராசில் மாட்டியபோது 15.62 கிலோ காட்டியது. வெளியிடப்பட்ட எடைக்கும் இதற்கும் இடையே ஒரு கிலோவுக்கும் அருகில் வேறுபாடு இருந்ததைக் கண்டு அவர் தராசைச் சந்தேகித்தார். தராசில் பிழை இல்லை. வெளியிடப்படும் எடைகள் பெரும்பாலும் ஏதேனும் ஓர் அளவு ஃபிரேமுக்கு மட்டும் உரியவை. பெடல் அவற்றில் சேர்வதில்லை. இவருடைய பெடல்கள் மட்டுமே 450 கிராம். தவிர, வாங்கிய பிறகு அவரே தடித்த டயர்களைப் போட்டிருந்தார்.

எந்த வேலையும் தொடங்குமுன் கழற்றக்கூடிய எல்லாவற்றையும் தனித்தனியே எடைபோட்டு எழுதிக்கொண்டேன். இதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் செலவானது; இந்த நான்கு மாதங்களில் மிகப் பயனுள்ள நேரமும் அதுவே. டயர்கள் முன்னே 1180 கிராம், பின்னே 1210. இரண்டும் மலை இறக்கப் பந்தயங்களுக்கான இரட்டை உறை கொண்டவை. அவற்றுக்குள் இருந்த ரப்பர் டியூப்கள் இரண்டும் சேர்ந்து 480. பிரேக் டிஸ்க்கும், கேசட் எனப்படும் பின் பற்சக்கரத் தொகுதியும் இல்லாமல் வெறும் சக்கரங்கள் 2240. கேசட் 593. ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்க உதவும் டிராப்பர் சீட்போஸ்ட் 640. ஹேண்டில்பார் 340, சீட் 330, கைப்பிடிகள் 120. டயர், டியூப், வெறும் சக்கரம் ஆகியவை மட்டுமே 5.1 கிலோவைத் தாண்டியதைப் பார்த்தபோது, வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

எதிர்பார்ப்பைச் சீர்ப்படுத்தியது

அவரிடம் ஒரு கணக்கை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஏற்றத்தில் கால்கள் சைக்கிளை மட்டும் தூக்குவதில்லை. ஓட்டுபவரையும், உடை, ஹெல்மெட், காலணி, தண்ணீர்ப் பை எல்லாவற்றையும் சேர்த்தே தூக்குகின்றன. இவருக்கு அந்த மொத்தம் ஏறத்தாழ 94.6 கிலோ. அதில் இரண்டு கிலோ குறைந்தால் 2.1 சதவீதம்; செங்குத்தான ஏற்றத்தில் அதே உழைப்புக்கு நேரமும் ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் குறையும். 38 நிமிடத்தில் அது 48 விநாடி. உடன் வருபவர்கள் அவரைவிட மூன்று நான்கு நிமிடம் முன்னதாக மேலே போய்ச் சேர்பவர்கள் என்பதால், இந்தக் கணக்கு அவருக்கு உவப்பாக இருக்கவில்லை.

சக்கரத்தில் குறையும் ஒரு கிராம் வேறிடத்தில் குறையும் இரண்டு கிராமுக்குச் சமம் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அதில் பாதி உண்மை உண்டு. டயரிலும் ரிம்மிலும் உள்ள நிறை முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் செய்வதால், வேகம் கூட்டும்போது அதற்கு ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் தேவைப்படுகிறது. ஆனால் சீரான வேகத்தில் ஏறும்போது அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. அங்கே ஒரு கிராம் எங்கிருந்தாலும் ஒரு கிராம்தான். ஆயினும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் சக்கர எடையைக் குறைக்க வேறொரு நல்ல காரணம் இருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள நிறை குறையக் குறைய, சக்கரம் ஒவ்வொரு கல்லின் மீதும் விரைவாக ஏறி விரைவாகத் தரைக்குத் திரும்பும். பிடிப்பு கூடும், அதிர்வு குறையும். ஏற்றத்து நேரத்தைவிட இந்தக் காரணத்தையே நான் பெரிதாக நினைத்தேன்.

தொடக்கூடாதவை எவை என்பதையும் அப்போதே பேசி முடித்தோம். 120 மி.மீ. ஃபோர்க் ஒன்றைப் போட்டால் 300 கிராம் வரை மிச்சமாகும் என்று அவர் கேட்டார். ஃபோர்க் 20 மி.மீ. குட்டையானால் ஹேண்டில்பாரைத் தாங்கும் முன்குழாயின் சாய்வு ஏறத்தாழ ஒரு பாகை நிமிர்ந்துவிடும், கிராங்க் அச்சும் தாழும். அவர் நம்பி ஓட்டும் அந்தச் சைக்கிள் வேறொரு சைக்கிளாக மாறிவிடும். எனவே மறுத்தேன். பிரேக் காலிப்பரிலும், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மிலும் அலுமினிய போல்ட் போடும் யோசனையையும் மறுத்தேன். சில கிராம்களுக்காகச் செய்யும் காரியம் அல்ல அது.

முதற்கட்டம்: டயரும் டியூபும்

டியூப்களை நீக்கி டியூப்லெஸ் முறைக்கு மாற்றினோம். ரிம்மின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, உள் அகலத்தைவிட 2 மி.மீ. அகலமான டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டி, வால்வைப் பொருத்தி, துளைகளை அடைக்கும் திரவமான சீலன்டைச் சக்கரத்துக்கு 110 மில்லி வீதம் ஊற்றினேன். டேப், வால்வு, சீலன்ட் எல்லாம் சேர்ந்து 250 கிராம். நீக்கிய டியூப்கள் 480. மிச்சம் 230 மட்டுமே. டியூப்லெஸ் மாற்றத்தின் உண்மையான பயன் எடையில் இல்லை. டியூப் நசுங்கிக் கிழியும் அச்சமின்றிக் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்ட முடிவதில்தான் இருக்கிறது.

டயர்களைப் பொறுத்தவரை, முன்சக்கரத்துக்கு நடுத்தர உறை கொண்ட 940 கிராம் டயரைத் தேர்ந்தெடுத்தோம். பின்சக்கரத்துக்கும் அதே வகையைத்தான் நான் பரிந்துரைத்தேன். அவரோ கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கான 710 கிராம் டயரைக் கேட்டார். பின்டயர் ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது. இறக்கத்தில் கற்களின் மீது முழு வேகத்தில் இழுபட்டுச் செல்வது. மெல்லிய பக்கச்சுவர் அதற்குப் போதாது என்று சொன்னேன், ஆனால் வற்புறுத்தவில்லை. 500 கிராம் ஒரே பொருளில் குறையும் என்பது என்னையும் ஈர்த்தது என்பதை இங்கே எழுதியாக வேண்டும். முதற்கட்டத்தின் முடிவில் தராசு 14.65 கிலோ காட்டியது.

இரண்டாம் கட்டம்

அடுத்த மூன்று வாரங்களில் மற்றவற்றை மாற்றினோம். அவரிடம் இருந்தது ஷிமானோ டியோர் எம்6100 வரிசையின் 10 முதல் 51 பல் வரையிலான கேசட். அதே அளவில் எக்ஸ்டி எம்8100 வரிசைக் கேசட் 470 கிராம். 123 கிராம் குறைந்தது. அதன் பெரிய பற்சக்கரங்கள் அலுமினியத்தால் ஆனவை, எஃகைவிட விரைவில் தேய்பவை. ஆகவே சங்கிலியின் நீட்சியை முன்பைவிட அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். ஹேண்டில்பாருக்குக் கார்பன் குழாய் ஒன்றை வாங்கி, அவருடைய தோள் அகலத்துக்கு ஏற்ப 760 மி.மீ. ஆக அறுத்துப் பொருத்தினோம், 115 கிராம் குறைந்தது. கார்பனைப் பிடிக்கும் போல்ட்களைக் கை மதிப்பீட்டில் முறுக்கக்கூடாது. உராய்வுப் பசை தடவி, டார்க் ரெஞ்சினால் ஸ்டெம்மில் எழுதியிருந்த 5 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். சீட்டில் 100 கிராமும், சிலிக்கோன் கைப்பிடிகளில் 70 கிராமும் குறைந்தன. இந்த நான்கு மாற்றங்களிலும் இன்றுவரை எந்தக் குறையும் எழவில்லை.

மீதி இரண்டு மாற்றங்களும் அவருடைய விருப்பம். டிராப்பரை எடுத்துவிட்டு 230 கிராம் எடையுள்ள சாதாரண சீட்போஸ்ட்டைப் போட்டார். ஒரேயடியாக 410 கிராம். பிரேக் டிஸ்க்குகளை 203, 180 மி.மீ. அளவிலிருந்து 180, 160 மி.மீ. அளவுக்குக் குறைத்தார், தாங்கித் துண்டுகளையும் சேர்த்து 95 கிராம். டியூப்லெஸ் வந்துவிட்டதே என்று கருவிப் பையில் இருந்த மாற்று டியூப்பையும் எடுத்து வீட்டில் வைத்துவிட்டார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

தராசு 13.74 கிலோ காட்டியது. பதினான்குக்குக் கீழே இறங்கிவிட்டது என்று அவர் மகிழ்ந்து எண்ணைப் படம் எடுத்துக்கொண்டார்.

இறக்கத்தில் நடந்தது

முதல் இரண்டு ஓட்டங்களில் ஏற்றம் எளிதாக இருந்ததாகச் சொன்னார். மூன்றாவது ஓட்டத்தில், இறக்கத்தின் நடுவே பின்சக்கரம் ஒரு கூர்மையான கல்லின் மீது இடித்து, சீலன்ட் பீறிட்டு, சில விநாடிகளில் டயர் தட்டையானது. டயரின் கிழிசலைச் சீலன்டால் மூட முடியவில்லை. கையில் டியூப் இல்லை. விழாமல் நிறுத்திவிட்டதால் காயம் இல்லை. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

மறுநாள் சைக்கிளை நிறுத்தி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பக்கச்சுவரில் 9 மி.மீ. நீளத்துக்கு வெட்டு, அதன் ஓரங்களில் உறையின் நூலிழைகள் பிரிந்து நின்றன, சுற்றிலும் சீலன்ட் காய்ந்து வெள்ளைப் படலமாக ஒட்டியிருந்தது. வெட்டுக்கு நேர் எதிரே ரிம்மின் விளிம்பு 4 மி.மீ. உள்நோக்கி மடங்கியிருந்தது. அதாவது டயர் முழுவதும் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் இடையே சிக்கி வெட்டுப்பட்டிருக்கிறது. இதுவரை எதிர்பார்க்கக்கூடியதுதான். நான் எதிர்பாராதது பின் டிஸ்க்கின் நிறம். எஃகு பழுப்பேறி, இடையிடையே நீலம் பாய்ந்திருந்தது. பேட்களைக் கழற்றியபோது அவற்றின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது, நகத்தால் சுரண்டினால் வழுக்கியது. அவர் அந்த இறக்கத்தில் முன்பைவிட வேகமாகப் போகவில்லை; உண்மையில் மெதுவாகத்தான் போயிருந்தார். பிறகு ஏன் பிரேக் இவ்வளவு சூடேறியது?

அவரை எதிரே உட்கார வைத்து அந்த இறக்கத்தை ஒவ்வொரு வளைவாகச் சொல்லச் சொன்னபோதுதான் காரணம் புரிந்தது. டிராப்பர் இருந்தவரை இறக்கத்தின் தொடக்கத்தில் சீட்டை இறக்கிவிட்டு, இடுப்பைத் தாழ்த்திப் பின்னே நகர்த்தி, கால்களையும் கைகளையும் மடக்கிச் சைக்கிளைத் தனக்குக் கீழே சுதந்திரமாக ஆட விட்டிருக்கிறார். இப்போது சீட் உயரத்திலேயே நின்று தொடையில் இடித்ததால், நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது. நிமிர்ந்து நின்றதால் அச்சம். அச்சத்தால் இடைவிடாமல் பிரேக். பிரேக் பிடித்தபடியே போனதால் சிறிய டிஸ்க் சூடேறிப் பிடிப்பு தளர்ந்தது, அதனால் இன்னும் அழுத்தினார். கல் வரும்போது இடுப்பை உயர்த்திப் பின்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்கும் அசைவு முற்றிலும் நின்றுபோனது. அந்தச் சக்கரத்தில் இருந்ததோ மிக மெல்லிய டயர்.

இந்த நிகழ்விலிருந்து நான் கற்றது இதுதான்: டயர், டிஸ்க், சீட்போஸ்ட் ஆகிய மூன்றையும் நான் மூன்று தனி முடிவுகளாக மதிப்பிட்டேன், பாதையில் அவை ஒரே முடிவாகச் செயல்பட்டன. மெல்லிய டயரை டிராப்பரோடும் பெரிய டிஸ்க்கோடும் ஓட்டியிருந்தால் இன்னும் சில மாதங்கள் தாங்கியிருக்கக்கூடும். ஒவ்வொன்றும் மற்றொன்றின் மீது பாரத்தைத் தள்ளியது.

திரும்ப வைத்தவை

டிராப்பர் முதலில் திரும்பி வந்தது. 410 கிராமைத் திருப்பிக் கொடுப்பது அவருக்கு மனவருத்தமாகவே இருந்தது. ஆனால் சீட் தாழ்ந்த நிலையில் ஒரே ஒருமுறை இறங்கிப் பார்த்த பிறகு மறுபேச்சு இல்லை. டிஸ்க்குகள் பழைய அளவுக்கு, புதிய பேட்களோடு திரும்பின, 95 கிராம். பின்டயராக நடுத்தர உறையும் சற்றுக் கடினமான ரப்பரும் கொண்ட 920 கிராம் டயர் ஒன்றைப் போட்டோம்; 210 கிராம். மொத்தம் 715 கிராம் திரும்ப ஏறியது; சைக்கிள் 14.45 கிலோ ஆனது.

காற்றழுத்தத்தையும் அப்போது மறுபடி பார்த்தோம். மெல்லிய டயரை அவர் 22 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓட்டியிருக்கிறார். அந்த உறைக்கும் அவருடைய எடைக்கும் அது மிகக் குறைவு. புதிய டயர்களில் முன்னே 21, பின்னே 24 என்று தொடங்கி, ரிம் இடிக்கும் ஓசை கேட்காததை உறுதிசெய்து அப்படியே வைத்துக்கொண்டோம்.

சக்கரங்கள்

மடங்கிய ரிம்மை நிமிர்த்த முயன்றேன். விளிம்பு ஓரளவு நேரானாலும் டயர் அமரும் இடத்தில் காற்று கசிந்தது. மாற்றத்தான் வேண்டும் என்றானபின், ரிம்மை மட்டும் மாற்றுவதா, சக்கரங்களையே மாற்றுவதா என்ற கேள்வி எழுந்தது. ஸ்போக்குகள் தளர்ந்து, பின் ஹப்பின் பேரிங்கும் கரகரத்ததால் சக்கரங்களையே மாற்ற முடிவெடுத்தோம்.

கார்பன் ரிம்மை அவர் விரும்பினார். அவர் ஓட்டும் கற்பாதையையும், அண்மையில் ரிம் அடிபட்ட விதத்தையும் எண்ணி நான் அலுமினியத்தையே சொன்னேன்: அலுமினியம் பெரும்பாலும் மடங்குகிறது, மடங்கியபடியே வீடு வந்து சேர முடிகிறது. 28 ஸ்போக்குகள் கொண்ட 1760 கிராம் சக்கரங்கள் கிடைத்தன. அச்சு அகலம் முன்னே 110, பின்னே 148 மி.மீ. என்று பொருந்த வேண்டும்; கேசட்டின் மிகச் சிறிய பல்வட்டம் 10 பல் என்பதால் அதற்குரிய மைக்ரோ ஸ்பிளைன் பிரீஹப்பும் (பின் ஹப்பில் கேசட் பொருந்தும் பகுதி) வேண்டும். இந்த இரண்டையும் சரிபார்க்காமல் வாங்கியிருந்தால் புதிய கேசட் வீணாகியிருக்கும். 480 கிராம் குறைந்து, தராசு 13.97 கிலோ காட்டியது.

சக்கரம் இலேசானதும் சைக்கிள் சற்றுத் துள்ளுவதாக அவர் சொன்னார். அவர் ஏறி அமரும்போது பின் ஷாக் எவ்வளவு அமிழ்கிறது என்று அளந்தேன். 28 சதவீதம், மாற்றமில்லை. திரும்பி எழும் வேகத்தை முன்னும் பின்னும் ஒரு கிளிக் குறைத்ததும் அந்தத் துள்ளல் நின்றது.

கருவிப் பையையும் விட்டுவிடவில்லை. 85 கிராம் எடையுள்ள, டிபியூ என்ற இலேசான பிளாஸ்டிக்கால் ஆன டியூப் ஒன்று பைக்குள் போனது. இரண்டாக இருந்த ரெஞ்சுகளில் ஒன்றை எடுத்தோம். 540 கிராம் இருந்த பை 310 கிராம் ஆனது. டயர் கிழிந்தால் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்க, பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டும் அந்த 310 கிராமில் அடக்கம்.

விளைவு

மொத்தக் குறைப்பு 1.65 கிலோ. கேட்டது இரண்டு கிலோ. வேலைக்கு முன் அவர் குறித்து வைத்திருந்த நான்கு ஏற்றங்களின் சராசரி 38 நிமிடம் 20 விநாடி. வேலைக்குப் பின் எடுத்த நான்கின் சராசரி 36 நிமிடம் 25 விநாடி. எடைக் கணக்கின்படி குறைந்திருக்க வேண்டியது 40 விநாடிதான். எஞ்சிய 75 விநாடிகளில் பெரும்பங்கு, இரட்டை உறை கொண்ட மென்ரப்பர் டயர்கள் போய், எளிதாக உருளும் டயர்கள் வந்ததால் கிடைத்தது என்று கருதுகிறேன். நான்கு மாதங்களில் அவருடைய உடல் திறன் கூடியிருக்கலாம் என்பதையும் ஒதுக்க முடியாது. நான்கு ஏற்றங்கள் மிகச் சிறிய எண்ணிக்கை. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையிலேயே ஒரு நிமிட வேறுபாடு இருந்தது. ஆகவே இந்த எண்களை இதற்கு மேல் இழுக்க நான் விரும்பவில்லை.

சைக்கிளைத் தூக்கும்போது முதுகு பிடிப்பது குறைந்திருக்கிறது என்றார். அதைவிட இறக்கத்தில் பின்சக்கரம் வேர்களின் மீது தத்தாமல் ஒட்டிச் செல்வதைத்தான் அவர் மறுபடி மறுபடி குறிப்பிட்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே வேலை மறுபடி வந்தால், ஓட்டுபவரோடு ஒருமுறை அந்தப் பாதைக்குச் சென்று, அவர் இறங்குவதைப் பார்த்த பிறகே பொருள்களின் பட்டியலை எழுதுவேன். இந்தமுறை எடைப் பட்டியல் முதலில் வந்தது. அவர் சீட்டை எத்தனை முறை இறக்குகிறார், எந்த விரலால் எவ்வளவு நேரம் பிரேக் பிடிக்கிறார் என்பவை விபத்துக்குப் பிறகே தெரியவந்தன.

ஒரு கட்டத்தில் இறக்கத்தோடு தொடர்புடைய ஒரு பொருளை மட்டும் மாற்றி, அதை இரண்டு மூன்று ஓட்டங்கள் சோதித்துவிட்டே அடுத்ததைத் தொடுவேன். கேசட், சீட், கைப்பிடி போன்றவற்றை ஒரே நாளில் மாற்றலாம். அவை ஒன்றையொன்று பாதிப்பதில்லை. சக்கரங்களை முதலிலேயே முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப டேப்பையும் வால்வையும் வாங்கியிருந்தால், டியூப்லெஸ் வேலையை இருமுறை செய்திருக்க வேண்டியதில்லை.

வாங்கும் ஒவ்வொரு பொருளையும் கடையிலேயே தராசில் வைத்துப் பார்ப்பதை விதியாக வைத்துக்கொண்டிருக்கிறேன். முன்டயருக்கு அதன் அட்டையில் 890 கிராம் என்று இருந்தது. கையில் வந்தது 940.

பின்டயர் விஷயத்தில், பொருந்தாது என்று தெரிந்தும் பொருத்திக் கொடுத்தது என் தவறு. அறிவுரை சொல்லிவிட்டோம், முடிவு அவருடையது என்று அன்று என்னை நானே அமைதிப்படுத்திக்கொண்டேன். சைக்கிள் என் கையிலிருந்து அந்த டயரோடுதான் வெளியே போனது. சீலன்ட் சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அப்போது ரிம்மின் விளிம்பையும் டிஸ்க்கின் நிறத்தையும் சேர்த்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.